கிறித்தவக் கல்லூரியில் சமயமும் மெய்யியலும் பயில வருவோருக்கு

கிறித்தவக் கல்லூரி ஒன்றில் சமயத்தையும் மெய்யியலையும் பாடமாக எடுக்கும் மாணவர் பெரும்பாலும் இரண்டு எண்ணங்களில் ஒன்றோடு வந்து சேர்கிறார். ஞாயிறு பள்ளியில் கேட்டதையே இன்னும் விரிவாகச் சொல்லித் தருவார்கள் என்று நினைப்பவர் ஒருவர். நம்பிக்கையைத் திணிப்பதற்காகவே வகுப்பு நடக்கும், அங்கே கேள்விக்கு இடமிருக்காது என்று அஞ்சுபவர் மற்றொருவர். நல்ல துறையாக இருந்தால் முதல் செமஸ்டர் முடிவதற்குள் இருவர் எண்ணமும் பொய்த்துவிடும். நமக்கு உடன்பாடில்லாத ஒருவரின் கருத்தை, அவரே கேட்டாலும் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைப்பதே இத்துறை கேட்கும் முதல் திறன். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்தத் திறனை வளர்த்துக்கொள்வதற்கானவை.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

"கிறித்தவக் கல்லூரி" என்ற பெயரில் வேறுவேறு வகையான நிறுவனங்கள் இயங்குகின்றன. போதகர்களையும் குருக்களையும் உருவாக்கும் இறையியல் கல்லூரி ஒரு வகை. திருச்சபையால் நிறுவப்பட்டு, அறிவியல் முதல் இலக்கியம் வரை எல்லாத் துறைகளையும் நடத்தும் கலைக் கல்லூரி மற்றொரு வகை. சில நிறுவனங்களில் ஆசிரியர்கள் விசுவாச அறிக்கை ஒன்றில் கையொப்பமிட வேண்டும். சிலவற்றில் மாணவர்களுக்கும் அவ்விதி உண்டு. வேறு சிலவற்றில் சிற்றாலயமும் பெயர்ப்பலகையும் தவிர வேறு அடையாளமே இராது. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன், விசுவாச அறிக்கை ஏதேனும் உண்டா, சிற்றாலய வழிபாட்டுக்குக் கட்டாய வருகை உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

அவற்றைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடியது பாடத்திட்டத்தின் நூற்பட்டியல். டேவிட் ஹியூம், ஃபாயர்பாக், நீட்சே போன்று கிறித்தவ நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தவர்களின் நூல்கள் அதில் நேரடியாக இடம்பெற்றுள்ளனவா, அல்லது அவர்களை மறுத்து எழுதியவர்களின் நூல்கள் மட்டும்தானா என்று பாருங்கள். இரண்டாவது நிலைதான் என்றால், எதிர்த்தரப்பை நீங்கள் கடைசி வரை நிழலாகவே சந்திக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கையும் மெய்யியலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் ஒரு இழுபறி உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை; அது மிகப் பழையது. ஏதென்சு நகரில் பவுல் எப்பிக்கூரியர், ஸ்தோயிக்கர் என்னும் கிரேக்க மெய்யியல் பள்ளியினரோடு உரையாடியதையும், கிரேக்கக் கவிஞர்களின் சொற்களையே தம் பேச்சில் எடுத்தாண்டதையும் அப்போஸ்தலர் பணிகள் 17ஆம் அதிகாரம் காட்டுகிறது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜஸ்டின் கிறித்தவரான பின்னும் மெய்யியலாரின் மேலங்கியைக் களையவில்லை. அவருக்குச் சற்றுப் பிந்திய கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனோ, ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது மெய்யியலுக்கும் நம்பிக்கைக்கும், என்ன தொடர்பு என்று கேட்டார். நீங்கள் சேரும் துறையில் இந்த இரு மனப்பாங்குகளும் அடுத்தடுத்த அறைகளில் அமர்ந்திருக்கக்கூடும்.

ஒரே பெயருக்குள் மூன்று துறைகள்

புதிதாக வருபவர் குழம்பும் முதல் இடம் இது. இறையியல், சமயவியல், சமய மெய்யியல் ஆகிய மூன்றும் ஒரே அட்டவணையில் வரும். சில சமயம் ஒரே ஆசிரியரே மூன்றையும் நடத்துவார். ஆனால் அவை கேட்கும் கேள்விகள் வேறு. மன்றாட்டு என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருச்சபையின் மறைநூலையும் மரபையும் ஏற்றுக்கொண்டு, யாரை நோக்கி, எவ்வகையில், எதற்காக மன்றாட வேண்டும் என்று இறையியல் கேட்கும். மன்றாடுபவர்கள் யார், எப்போது, என்ன உடல் நிலையில், எந்தச் சொற்களால் மன்றாடுகிறார்கள், அது அந்தச் சமூகத்தில் என்ன செய்கிறது என்று சமயவியல் கேட்கும். மன்றாட்டு கேட்கப்படுகிறதா என்பதில் அது தீர்ப்புச் சொல்லாது. எல்லாம் அறிந்த ஒருவரிடம் நம் தேவையைத் தெரிவிப்பதற்கு என்ன பொருள், அவர் நல்லவராயின் கேளாமலே தரமாட்டாரா என்று சமய மெய்யியல் கேட்கும்.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும், குறிப்பேட்டின் ஓரத்தில், இந்த மணி நேரத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று ஒரே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள். அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் தேர்வுத்தாள்களில் மதிப்பெண் குறைவதற்கு, கேள்வி ஒரு துறையிலும் விடை வேறொரு துறையிலும் இருப்பதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை.

மூலநூலை வாசிக்கும் முறை

முதல் செமஸ்டரில் நூல்கள் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் நேரம் கேட்கும். பத்துப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் உங்களிடம் குறையொன்றும் இல்லை. முதல் வாசிப்பில் எழுதுகோலைத் தொடாமல், ஆசிரியர் எங்கிருந்து எங்கே போகிறார் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள்: இது வரையறை, இது உவமை, இது பிறர் கருத்து, இது அதற்கு மறுப்பு. "பிறர் கருத்து" என்னும் குறிப்பைத் தவற விட்டால், ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய ஒன்றை அவருடைய கொள்கையாகவே மேற்கோள் காட்டிவிடுவீர்கள். உரைநூலுக்கும் அறிமுக நூலுக்கும் மூன்றாவது வாசிப்பின்போதுதான் போக வேண்டும்.

இதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். அற்புதங்களைப் பற்றிய ஹியூமின் கருத்தை, அவரை மறுத்த ஒருவரின் நூலிலிருந்து மட்டும் படித்துவிட்டு, "அற்புதங்கள் நிகழவே முடியாது என்கிறார் ஹியூம்" என்று எழுதிக் கொடுத்தேன். "எந்தப் பக்கத்தில்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு கட்டுரை திரும்பி வந்தது. 1748இல் வெளிவந்த அவருடைய நூலின் 10ஆம் பகுதியைத் திறந்து பார்த்தால், அவரது முடிவுரை சான்றைப் பற்றியதாக இருந்தது: ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் நிகழ்ச்சியைவிட வியப்புக்குரியதாக இருந்தாலொழிய அச்சாட்சியம் அற்புதத்தை நிலைநாட்டாது என்பதே அங்கே அவர் வகுத்த அளவுகோல். நான் மறுத்தது ஹியூமை அன்று. நான் செய்து வைத்த பொம்மையை.

முதல் நூலாகப் பிளேட்டோவின் யூத்திப்ரோ உரையாடலைப் பரிந்துரைப்பேன். ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். பக்திக்குரிய செயலைத் தெய்வங்கள் விரும்புவது அது பக்திக்குரியது என்பதாலா, அல்லது அவை விரும்புவதால்தான் அது பக்திக்குரியதாகிறதா என்ற கேள்வி அதில் எழுகிறது. 'தெய்வங்கள்' என்ற இடத்தில் 'கடவுள்' என்றும், 'பக்திக்குரியது' என்ற இடத்தில் 'நல்லது' என்றும் வைத்துப் பார்த்தால், கிறித்தவ அறவியல் வகுப்பின் பாதி விவாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

இந்த நூல்களை மேற்கோள் காட்டும் எண்முறைகளையும் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்களும், அரிஸ்டாட்டிலுக்கு பெக்கரின் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்களும், ஜெர்மானிய மெய்யியலார் காண்டின் முதன்மை நூலுக்கு 1781, 1787 ஆகிய இரு பதிப்புகளின் பக்க எண்களும் உலகெங்கும் வழங்குகின்றன. பதிப்பும் மொழியும் மாறினாலும் இவை மாறா. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் இட்டவை. பிளேட்டோவின் 1578ஆம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டவர் அவருடைய மகன் ஆன்றி. எருசலேமின் நூலுக்கும் ஏதென்சின் நூலுக்கும் ஒரே குடும்பத்து அச்சகம் எண் கொடுத்திருப்பதை அறிந்தால் தெர்த்துல்லியன் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

வாதத்தைப் பிரித்துப் பார்த்தல்

மெய்யியல் வகுப்பில் "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஆசிரியர் கேட்கவில்லை. வாதத்துக்கு அடிப்படையாக வைக்கும் கூற்றுகளில், அதாவது எடுகூற்றுகளில், எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்றே கேட்கிறார். பழகுவதற்கு இடைக்கால இறையியலார் அன்செல்ம் (1033–1109) மிகவும் ஏற்றவர். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற 14ஆம் சங்கீதத்தின் அடியை எடுத்துக்கொண்டு, கடவுள் இருக்கிறார் என்று அவர் வாதிடுகிறார். அவருடைய வாதத்தை எண் இட்டு எழுதிப் பாருங்கள். ஒன்று: கடவுள் என்பது, அதைவிடப் பெரியதாக எதையும் எண்ண முடியாத ஒன்று. இரண்டு: இச்சொற்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மதிகேடனின் உள்ளத்தில் அது இருக்கிறது. மூன்று: உள்ளத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரியது. நான்கு: எனவே அது உள்ளத்தில் மட்டும் இருக்குமானால், அதைவிடப் பெரிய ஒன்றை எண்ண முடியும்; இது முதற்கூற்றோடு முரண்படுகிறது. முடிவு: அது உண்மையிலும் இருக்கிறது.

இப்படிப் பிரித்து எழுதிய பிறகே, "ஏதோ ஏமாற்று வேலை" என்ற உணர்வுக்கு ஓர் இடம் கிடைக்கும். கவுனிலோ என்ற துறவி மதிகேடனின் சார்பில் நின்று, எல்லாத் தீவுகளிலும் சிறந்த தொலைந்துபோன தீவு ஒன்றும் இதே வாதத்தின்படி உண்மையில் இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். வாதத்தின் உருவமே எங்கோ கோணலாக இருக்கிறது என்பதைக் காட்டும் மறுப்பு அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் காண்ட் மூன்றாவது கூற்றின் மீது கைவைத்தார்: இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்று அன்று, உண்மையான 100 காசுகளில், எண்ணிப் பார்க்கும் 100 காசுகளைவிட ஒரு காசும் கூடுதலாக இல்லை. ஒன்று முழு வாதத்தையும், மற்றது ஒரே கூற்றையும் தாக்குகிறது. மறுப்புகளில் இந்த இரு வகையையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் மெய்யியலின் அரிச்சுவடியைக் கற்றுவிட்டீர்கள் எனலாம்.

அன்செல்ம் அடுத்து செய்ததைத்தான் நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். கவுனிலோவின் மறுப்பையும் தம் மறுமொழியையும் தம் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் துறவி, பின்னர் பேராயர். நம்பிக்கையில் தளர்ந்தவர் அல்லர்.

இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இதையே ஒரு வடிவமாக்கினார். அவருடைய இறையியல் பெருந்தொகுப்பில் ஒவ்வொரு பிரிவும் எதிர்வாதங்களோடுதான் தொடங்கும்; பிறகு எதிர்த்திசையில் ஒரு சான்று, அதன்பின் அவருடைய சொந்த விடை, இறுதியில் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறுமொழி. கடவுள் இருக்கிறாரா என்று கேட்கும் முதற்பகுதி, 2ஆம் வினா, 3ஆம் பிரிவில் அவர் முதலில் வைக்கும் எதிர்வாதம், உலகில் தீமை இருக்கிறதே என்பது. தமிழில் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று: அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை வைத்து மறுக்கும் பரபக்கம் முதலிலும், தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அடுத்தும் வருகின்றன. அவரும் அதே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்.

வாரந்தோறும் செய்ய வேண்டிய பயிற்சியும் இதுதான். உங்களுக்கு மிக உறுதியாகத் தோன்றும் ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு எதிராக அரைப் பக்கம் பரபக்கம் எழுதுங்கள், அக்கருத்தை உண்மையிலேயே மறுக்கும் சக மாணவர் ஒருவரிடம் கொடுத்து, "இதைவிட வலுவாகச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்று அவர் சொன்னால் திரும்ப எழுதுங்கள். உங்கள் விடையை அதுவரை தொட வேண்டாம்.

விவிலிய வகுப்பில் வரும் அதிர்ச்சி

பக்தியுள்ள குடும்பத்திலிருந்து வரும் மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் மெய்யியல் வகுப்பில் அன்று, விவிலிய வகுப்பில்தான். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்படுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் ஆண் முதலில், பின்னர் விலங்குகள், இறுதியாகப் பெண். மாற்கு நற்செய்தியின் 16:9–20 பகுதி, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. இவற்றை ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போவார். கேட்பவருக்குக் காலடி மண் சரிவது போல இருக்கும்.

இத்தகைய நாள்களில் மூன்று காரியங்கள் உதவும். முதலாவது, தரவையும் அதிலிருந்து பெறும் முடிவையும் பிரித்து எழுதுவது. இந்தச் சுவடியில் இவ்வசனங்கள் இல்லை என்பது தரவு. ஆகவே அவை பிற்சேர்க்கை என்பது அறிஞர்களின் முடிவு. ஆகவே அவற்றுக்குத் திருச்சபையில் அதிகாரமில்லை என்பது முற்றிலும் வேறான, இறையியல் சார்ந்த முடிவு. மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்குவதால்தான் மூச்சு முட்டுகிறது. இரண்டாவது, கேள்வி நேற்று முளைத்தது அன்று என்பதை அறிவது: கதிரவனே இல்லாத முதல் மூன்று நாள்களைச் சொல்லுக்குச் சொல் எப்படிக் கொள்வது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ அறிஞர் ஓரிகன் கேட்டார், இயற்கையைப் பற்றித் தெரியாமல் மறைநூலின் பெயரால் உளறி நம்பாதவர்களின் நகைப்புக்கு ஆளாகாதீர்கள் என்று ஆயர் அகுஸ்தீன் (354–430) தம் தொடக்கநூல் உரையில் எச்சரித்தார். மூன்றாவது, மனத்தின் பாரத்தை வகுப்பறைக்கு வெளியே பேசுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வது. கல்லூரிச் சிற்றாலயக் குருவோ, ஓராண்டு மூத்த மாணவரோ போதும். பாட ஆசிரியரிடம் ஆதாரத்தைக் கேளுங்கள். ஆறுதலையும் அவரிடமே எதிர்பார்ப்பது அவருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

பிற சமயங்களைப் படித்தல்

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை 1965இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயவியலுக்கெனத் தனித்துறையை 1967இல் தொடங்கினார். ஸ்மார்ட் சமயங்களைக் கொள்கை, கதை, அறநெறி, சடங்கு, அனுபவம், சமூக அமைப்பு, பொருள்கள் என ஏழு கோணங்களில் பார்க்கச் சொன்னார். புதிய மாணவருக்கு இது நல்ல கைவிளக்கு. ஏனெனில் விசுவாச அறிக்கைகளோடு வளர்ந்தவர் எல்லாச் சமயங்களிலும் முதலில் கொள்கையைத்தான் தேடுவார், கொள்கையைவிடச் சடங்கு முதன்மையாக உள்ள சமயம் அவர் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும்.

லுத்தரன் ஆயராகவும் விவிலிய அறிஞராகவும் விளங்கிய கிறிஸ்டர் ஸ்டெண்டால் சொன்ன நெறிகளையும் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: ஒரு சமயத்தை அறிய அதைப் பின்பற்றுபவரிடம் கேளுங்கள், எதிரியிடம் அன்று, உங்கள் சமயத்தின் சிறந்ததைப் பிறர் சமயத்தின் மோசமானதோடு ஒப்பிடாதீர்கள், பிறரிடம் உள்ள ஒன்றைக் கண்டு நல்ல பொறாமை கொள்ள இடம் வையுங்கள். கட்டுரைகளில் மிக அதிகமாக மீறப்படுவது இரண்டாவது நெறி. தம் சமயத்தின் மலைப்பொழிவையும் பிறர் சமயத்தின் கலவரத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துவிட்டு, ஒப்பாய்வு என்று தலைப்பிடுவார்கள்.

மொழி

கிரேக்கமோ எபிரேயமோ இலத்தீனோ விருப்பப் பாடமாகக் கிடைத்தால், ஒரே செமஸ்டராவது எடுங்கள். புலமை வராது, ஆனால் மொழிபெயர்ப்பு ஒரு முடிவு என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். யோவான் நற்செய்தியின் முதல் வரியைப் பழைய தமிழ் விவிலியம் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்கிறது. பொது மொழிபெயர்ப்பு "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்கிறது. மூலத்தில் உள்ள லோகோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சொல், கணக்கு, காரணம், ஒழுங்கு என்ற பொருள்களும் உண்டு. ஸ்தோயிக்கர் உலகை ஆளும் பகுத்தறிவையே அச்சொல்லால் குறித்தனர். 'தேவன்' என்று எழுதுபவர் ஒரு முடிவை எடுத்திருக்கிறார், 'கடவுள்' என்று எழுதுபவர் இன்னொன்றை. தமிழில் படித்து வளர்ந்தவருக்கு இந்த நுட்பம் மற்றவர்களைவிட விரைவில் பிடிபடும். அதைக் கட்டுரையில் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

கட்டுரையும் வகுப்பறையும்

தலைப்பு சிறிதாக இருக்கட்டும். "கடவுள் இருப்பதற்கான சான்றுகள்" என்பது மூன்று ஆண்டுகளுக்கான வேலை, "கவுனிலோவின் தீவு உவமைக்கு அன்செல்மின் மறுமொழி போதுமானதா?" என்பது மூன்று வாரத்தில் முடியும். முதல் பத்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். கட்டுரை சாட்சி சொல்லும் மேடை அன்று: "நான் நம்புகிறேன்" என்று எழுதியுள்ள ஒவ்வொரு இடத்திலும், அந்நம்பிக்கையைப் பகிராத வாசகர் ஏற்கக்கூடிய காரணம் ஒன்று கீழே இருக்கிறதா என்று பாருங்கள். "இது வெறும் மூடநம்பிக்கை" என்று எழுதும் நம்பாத மாணவருக்கும் இதே அளவுகோல்தான். பிறர் சொன்னதைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டால் கருத்துத் திருட்டு. இதற்கு எந்தக் கல்லூரியிலும் மன்னிப்புக் குறைவு.

கிறித்தவர் அல்லாத மாணவர் வகுப்பில் தம் சமயத்தின் பேராளராக நிறுத்தப்படுவதுண்டு. "உங்களவர்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததற்கு நூல் ஒன்றைச் சுட்டலாம், ஒரு முழு மரபையும் தோளில் சுமக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வழிபாட்டுக்குக் கட்டாய வருகை உள்ள இடங்களில், மரியாதையாக அமர்ந்திருப்பதற்கும் பங்கேற்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பொறுப்பாளரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்கு, ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியை எடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய பரபக்கங்களுள் எதற்கு உங்களால் இன்னும் சரியாக மறுமொழி சொல்ல முடியவில்லையோ, அதுவே தலைப்பு. மூலநூல் நீங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் கிடைக்கிறதா என்று நூலகரிடம் உறுதிசெய்துகொண்டு, உங்களோடு முழுதும் உடன்படாத ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். ஒரு பக்க முன்வரைவை நீண்ட விடுமுறைக்கு முன்பே அவர் கையில் சேர்த்துவிட்டால், அவர் சிவப்பு மையால் எழுப்பும் கேள்விகளோடு அந்த விடுமுறையைக் கழிக்கலாம்.